தையல் பிரித்த பிறகு

(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூட்டத்தில், அறுவை சிகிச்சைப் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சென்ற ஆண்டு இதே கூட்டத்தில், எங்கள் பிரிவுக்கு என்ன தேவை என்று நீங்கள் கேட்டீர்கள். நாங்கள் ஒரே ஒரு காரியத்தை எழுதிக் கொடுத்தோம்: ஒரு சிஸ்டருக்கு இரண்டு வருடச் சம்பளம். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது உங்களில் மூத்தவர் ஒருவர் எங்களைத் தனியே அழைத்தார். "என்ன டாக்டர் தம்பி, தியேட்டருக்கு ஒரு நல்ல விளக்கு, ஏதாவது ஒரு மெஷின் என்று கேட்பீர்கள் என்று பார்த்தேன். வாங்கிக் கொடுத்தால் அப்பா அம்மா பேரைப் பொறித்து வைக்கலாம். சம்பளத்தில் எங்கே பேர் பொறிப்பது?" என்றார். பிறகு, "அந்த சிஸ்டருக்கு அப்படி என்ன வேலை?" என்று கேட்டார்.

"எண்ணுவார், ஐயா" என்றோம்.

"எதை?"

"பழுக்கிற காயங்களை."

ஐயா சிரித்துவிட்டார். ஆனாலும் அந்தச் சம்பளத்தை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தீர்கள். அன்றைக்கு நின்றுகொண்டே சொல்ல முடியாத பதிலை இன்று உட்கார்ந்து கேட்க உங்களுக்கு நேரம் இருப்பதால், அதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம்.

இரண்டு பஸ் மாறி வரவேண்டிய ஒரு கிராமத்திலிருந்து ஓர் இளம் தாய் முதல் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தார். குழந்தை குறுக்காக இருந்ததால் சிசேரியன் செய்தோம். தாயும் சேயும் நலம். ஏழாம் நாள் தையல் பிரித்து, தேங்காய் பழத்தோடு வந்த மாமியாருடன் வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். பத்தாம் நாள் அந்தத் தாய்க்குக் குளிர் காய்ச்சல் வந்திருக்கிறது. "பச்சை உடம்புக்காரிக்கு இதெல்லாம் இருக்கும்" என்று இரண்டு நாள் விட்டுவிட்டார்கள். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள் இரவு வாடகைக் காரில் எங்கள் வாசலுக்கு வந்தபோது, தையல் இருந்த இடம் முழுவதும் விட்டுப்போய் சீழ் வழிந்துகொண்டிருந்தது. மறுபடியும் தியேட்டர், மறுபடியும் மயக்க மருந்து, மூன்று வாரம் வார்டு. பால் வற்றிப்போயிற்று. கொத்தனார் வேலைக்குப் போகும் கணவர் மூன்று வாரக் கூலியை இழந்தார். முதல் பில்லுக்குக் கம்மலை வைத்தவர்கள், இரண்டாவது பில்லுக்குத் தாலிக்கொடியையே வைக்கப் போனார்கள். அந்தப் பில்லை உங்கள் நிதியிலிருந்து கட்டினோம். தாய் பிழைத்துக்கொண்டார்.

எங்களை உறுத்தியது அடுத்த காரியம். அவருடைய பெயரை எங்கள் ஆபரேஷன் பதிவேட்டில் எடுத்துப் பார்த்தோம். கடைசிக் கட்டத்தில் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது: "தையல் பிரிக்கப்பட்டது. காயம் நலம்." அது பொய்யில்லை, அந்த நாளில் காயம் நலமாகத்தான் இருந்தது. பக்கத்தைப் புரட்டினோம். அடுத்த பெயர், காயம் நலம். அதற்கடுத்த பெயர், காயம் நலம். வருடத்துக்கு வருடம் எங்கள் ஆண்டறிக்கையில் அறுவைக்குப் பின் கிருமித் தொற்று மிகக் குறைவு என்று உங்களுக்கு எழுதி வந்தோமே, அந்தக் கணக்கு முழுவதும் மருத்துவமனைக் கேட்டோடு நின்றுபோன கணக்கு என்பது அப்போதுதான் விளங்கிற்று.

உலகம் முழுவதும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்டிருக்கும் கணக்கு வேறு. அறுவை நடந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அந்த இடம் பழுத்தால் அது அறுவைத் தொற்றுதான். எலும்பில் தகடு, மூட்டு போன்றவை பொருத்தியிருந்தால் 90 நாள் வரை பார்க்கவேண்டும். எங்கள் கண்ணுக்கு முன்னால் ஏழு நாள்தான் இருந்தது. அந்த ஏழு நாளும் இப்போது ஐந்தாகி, மூன்றாகி, சில அறுவைகளுக்கு ஒரே நாளாகிவிட்டது. சீக்கிரம் வீட்டுக்குப் போவது நல்லதுதான். செலவு குறைவு, வார்டில் இருக்கும் கிருமிகளோடு படுத்திருக்கும் நாளும் குறைவு. ஆனால் காயம் பழுக்கிற நாள் வீட்டில் வருகிறது. பல நாடுகளின் ஆய்வுகளில் அறுவைத் தொற்றுகளில் பாதியோ, பாதிக்கு மேலோ, நோயாளி வீட்டுக்குப் போன பிறகே தலைகாட்டியிருக்கின்றன.

எண்ணுவதினால் என்ன ஆகும், மருந்தா மாயமா என்று நீங்கள் கேட்கலாம். எண்ணிக்கையிலிருந்துதான் இந்த விஷயமே ஆரம்பித்தது. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ஆம் ஆண்டில் டாக்டர்கள் வார்டில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. எந்த வார்டில் சேர்ப்பார்களோ என்று கர்ப்பிணிகள் அழுது மன்றாடினார்களாம். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் அந்த இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் கிருமி என்ற ஒன்றை யாரும் நிரூபித்திருக்கவில்லை. மாணவர்கள் பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள், மருத்துவச்சிகள் அங்கே போவதில்லை என்ற வித்தியாசம் அவர் கண்ணில் பட்டது. 1847 மே மாதம் முதல் எல்லோரும் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்றார். 1848-இல் இரண்டு வார்டுகளிலும் இறப்பு நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கி நின்றது. டாக்டர்களின் கையே தாய்மாரைக் கொன்றது என்ற செய்தியை டாக்டர்கள் விரும்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவரைப் பாராட்டியவர்களைவிடப் பகைத்தவர்களே அதிகம்.

பிறகு 1865-இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து காயம்பட்ட 11 வயதுப் பையனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். கால் பிழைத்தது. அங்கிருந்து கையுறை, ஆட்டோகிளேவ், பென்சிலின் என்று நீங்கள் அறிந்த வரலாறு.

இந்த வரலாற்றைக் கேட்டால், பிரச்சினை முடிந்துபோனதாகத் தோன்றும். முடியவில்லை. ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் அறுவை செய்துகொள்கிறவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத் தொற்று வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது. குடல் சம்பந்தமான அறுவைகளை மட்டும் 66 நாடுகளில் 12,539 நோயாளிகளிடம் பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. வளர்ச்சி மிகுந்த நாடுகளில் நூற்றுக்கு 9.4 பேருக்கும், நடுத்தர நாடுகளில் 14 பேருக்கும், பின்தங்கிய நாடுகளில் 23.2 பேருக்கும் காயம் பழுத்திருந்தது. அதே வயிறு, அதே குடல்தான். பழுத்தவர்களில், கல்ச்சர் முடிவு கிடைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், அறுவைக்கு முன் போட்ட ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது என்பதையும் அந்த ஆய்வில் கண்டார்கள்.

கிருமியின் முகமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் காயத்தில் சீழ் என்றால், பெரும்பாலும் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ்தான். பென்சிலின் அதை அடக்கியது. பிறகு அது பென்சிலினை வென்றது. மெத்திசிலின் என்ற புது மருந்து 1959-இல் வந்தது, 1961-இலேயே இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத வகையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளின் கல்ச்சர் ரிப்போர்ட்டுகளில் அதோடுகூட ஈ-கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற குடல், தண்ணீர்க் கிருமிகள் அதிகமாக இருக்கின்றன. இவற்றில் சில, கடைசி மருந்து என்று நாங்கள் பூட்டி வைத்திருக்கும் ஊசிகளுக்கும் அசைவதில்லை. லேபிலிருந்து வரும் தாளில் எந்த மருந்துக்கு நேரே "கேட்கும்" என்று இருக்கிறது, எதற்கு நேரே "கேட்காது" என்று இருக்கிறது என்று பார்ப்போம். சில நாள் வரிசையாக "கேட்காது" என்றே வரும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் மகனிடம் பேசுவதைப்போலக் கடினமான வேலை எங்களுக்கு வேறு இல்லை. 2012-இல் பல மருத்துவச் சங்கங்கள் கூடி, இந்த நிலைக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று வெளியிட்ட பிரகடனத்துக்குச் "சென்னைப் பிரகடனம்" என்றே பெயர். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று அரசாங்கம் 2016-இல் விளம்பரம் செய்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இளம் தாய்க்கு வாங்கிக் கொடுத்த நாலு மாத்திரையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குக் காயம் பழுக்கும்? முன்கூட்டியே முழுவதும் சொல்ல முடியாது, பாதி சொல்லலாம். முதலாவது, அறுவை எப்படிப்பட்டது என்பது. கழுத்துக் கட்டியை எடுப்பது சுத்தமான அறுவை. குடலைத் திறப்பது அதைவிட ஆபத்து. குடல்வால் வெடித்து வயிறு முழுவதும் சீழான பிறகு வருகிறவருக்கு, கத்தி படும் முன்பே தொற்று உள்ளே இருக்கிறது. அவர் வயிற்றுவலி ஆரம்பித்த அன்றே வந்திருந்தால் கதை வேறு. அதனால்தான் நாங்கள் ஆம்புலன்ஸ் டீசலுக்கு உங்களிடம் பணம் கேட்கும்போது அதையும் அறுவைத் தொற்றுத் தடுப்பு என்றே நினைத்துக் கேட்கிறோம்.

இரண்டாவது, நோயாளியின் உடம்பு. இதில் சர்க்கரையைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல், பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு, சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்லிற்று. முப்பது வருடத்துக்கு முன் எங்கள் வார்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் ரவுண்ட்ஸில் மாணவிகளுக்குக் காட்டுவோம். இப்போது சர்க்கரை இல்லாத வயதானவரைக் காட்டலாம் போலிருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால், கிருமியைத் தின்னவேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தால், நாம் போடும் மருந்தும் காயத்துக்குப் போய்ச் சேராது. அறுவை நேரத்திலும் அடுத்த நாட்களிலும் 200-க்குக் கீழே வைத்திருக்கவேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட விதி.

குடலிறக்கத்துக்கு வந்த ஒரு பெரியவரை நாங்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பினோம். முதல் முறை சர்க்கரை 340. இரண்டாம் முறை 280. மூன்றாம் முறை வரும்போதே கோபத்தோடு வந்தார். "உங்களுக்கு ஆபரேஷன் செய்யத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பஸ் காசு எவன் கொடுக்கிறான்?" என்றார். எங்களுக்கும் சங்கடம்தான். அவருடைய பக்கத்து வீட்டுக்காரரை வேறோர் இடத்தில் அதே சர்க்கரையோடு மறுநாளே செய்து அனுப்பியிருந்தார்கள், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபத்து என்பது இப்படித்தான் இருக்கும். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் தப்பிவிடுவார்கள், அவர்களைக் காட்டி எங்களை மடக்குவார்கள். மூன்றாம் முறை பெரியவரின் சர்க்கரை 160. வலை வைத்துத் தைத்தோம். அவர் இன்னும் எங்கள்மேல் கோபமாகத்தான் இருக்கிறார், காயம் நன்றாக ஆறியிருக்கிறது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காயத்தில் இரத்த ஓட்டம் குறைவு. அறுவைக்குக் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்தினால் பலன் உண்டு. முதல்நாள் நிறுத்திவிட்டு "விட்டாச்சு டாக்டர்" என்பார்கள். இரத்தசோகை, சாப்பாட்டில் சத்துக் குறைவு, அதற்கு எதிர்ப்புறத்தில் அதிகப் பருமன், காலில் ஆறாத புண், சொத்தைப் பல், இவையெல்லாமும் கணக்கில் சேரும். அவசரமில்லாத அறுவையை ஒரு மாதம் தள்ளிவைத்து, இரும்புச்சத்து மாத்திரையும் முட்டையும் கொடுத்துத் தேற்றிச் செய்வது எங்கள் வழக்கம்.

மூன்றாவது நாங்களே. இதைச் சொல்லத்தான் வெட்கமாயிருக்கிறது.

அறுவைக்கு முந்தின நாள் மாலை நாவிதரைக் கூப்பிட்டு, நோயாளியின் வயிறு முழுவதும் சவரக் கத்தியால் மழித்துவிடுவது எங்கள் இடத்தில் எத்தனையோ வருடப் பழக்கம். பளபளவென்று இருக்கும், பார்க்கச் சுத்தமாகத் தோன்றும். சவரக் கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களைப் போடுகிறது, இரவெல்லாம் அவற்றில் கிருமி பெருகுகிறது என்பது வெகு நாளாகத் தெரிந்த விஷயம். கனடாவில் கல்கேரி நகரத்து மருத்துவமனையில் பத்து வருடத்தில் ஏறக்குறைய 63,000 காயங்களைப் பின்தொடர்ந்து பார்த்து 1980-இல் வெளியிட்டார்கள். சுத்தமான அறுவைகளில், மழித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் பழுத்தது. மழிக்காமல் விட்டவர்களில் ஒருவருக்கும் குறைவு. நாங்கள் அதைப் படித்திருந்தோம். படித்துவிட்டு மழித்துக்கொண்டிருந்தோம். இப்போது முடியை அப்படியே விட்டுவிடுகிறோம், மிகவும் இடைஞ்சலாக இருந்தால் மட்டும் கிளிப்பரால் கத்தரிக்கிறோம். அந்த மூன்று கிளிப்பரும் உங்கள் வாலிபர் குழு கொடுத்தவை.

ஆன்டிபயாட்டிக் ஊசியில் இதைவிடப் பெரிய தவறு செய்து வந்தோம். அமெரிக்காவில் 2,847 நோயாளிகளைப் பார்த்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கத்தி படுவதற்கு முந்தின இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 0.6 பேருக்குத்தான் தொற்று வந்தது. அதற்கும் வெகு முன்னே போட்டவர்களில் 3.8, அறுவை தொடங்கி மூன்று மணிக்கு மேலான பிறகு போட்டவர்களில் 3.3. மருந்து ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. எங்கள் வார்டிலோ, காலை ஆறு மணிக்கு அன்றைய பட்டியலில் உள்ள எல்லோருக்கும் வரிசையாக ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். பட்டியலின் கடைசி ஆள் மேஜைக்கு வரும்போது மணி ஒன்று. காலையில் போட்ட மருந்து அதற்குள் சிறுநீரோடு போயிருக்கும். அந்தக் கடைசி ஆள் யார் தெரியுமா? பெரும்பாலும் இலவச வார்டு நோயாளி. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, பட்டியல் அப்படி எழுதி எழுதிப் பழகிவிட்டது. இன்று மயக்க மருந்து டாக்டரே தியேட்டருக்குள் ஊசியைப் போட்டு, நேரத்தை உரக்கச் சொல்லுகிறார். ஒரு காசு கூடச் செலவில்லை.

அதே மருந்தை அறுவைக்குப் பிறகு ஐந்து நாள், ஏழு நாள் என்று நீட்டுவதால் பயனில்லை, எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமியைத்தான் வளர்க்கிறோம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லிற்று. சுத்தமான அறுவைகளில் ஊசியை அன்றோடு நிறுத்தினோம். இரண்டாம் நாளே ஒரு நோயாளியின் அக்கா எங்களை வராந்தாவில் நிறுத்தினார். "ஐயா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நாங்கள் காசு கட்டாத கட்டில் என்பதால்தானே ஊசியை நிறுத்திவிட்டீர்கள்? எப்படியாவது கடன் வாங்கிக் கட்டிவிடுகிறோம்" என்றார். எங்களுக்குத் தொண்டை அடைத்துப்போயிற்று. தனி அறையில் இருக்கும் நோயாளிக்கும் அன்றைக்கே நிறுத்தினோம் என்று அவருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டியதாயிற்று. அவர் முழுவதும் நம்பினாரா, தெரியாது. உங்களில் யாராவது தெரிந்தவர் எங்களிடம் அறுவை செய்துகொண்டு, "ஊசியே போடவில்லை, சும்மா படுக்க வைத்திருந்தார்கள்" என்று சொன்னால், தயவுசெய்து இந்தக் காரியத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. தியேட்டர் ஏ.சி.யில் நமக்குச் சுகம், மேஜையில் ஆடையின்றிக் கிடக்கும் நோயாளிக்கு உடம்பு குளிர்ந்துபோகும். குளிர்ந்த தோலுக்கு இரத்தம் வராது. குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரை வைத்து 1996-இல் வெளியான ஆய்வில், குளிரவிட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும், வெதுவெதுப்பாக வைத்தவர்களில் 6 பேருக்கும் காயம் பழுத்தது. சென்ற கிறிஸ்துமஸுக்கு மகளிர் சங்கத்தார் கொடுத்த கம்பளிகள் வார்டுக்கென்று நினைத்திருப்பீர்கள். பாதி தியேட்டர் வாசலில் இருக்கிறது.

இன்னொரு நல்ல செய்தி 2022-இல் வந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 81 மருத்துவமனைகளில், 13,301 வயிற்று அறுவை நோயாளிகளை வைத்து ஓர் எளிய காரியத்தைச் சோதித்தார்கள். உள்வேலை முடிந்து வயிற்றை மூடும்முன், எல்லோரும் கையுறையை மாற்றிவிட்டு, புதிதாகச் சுத்திகரித்த கருவிகளால் தையல் போடவேண்டும். பழைய முறையில் நூற்றுக்கு 18.9 பேருக்கு வந்த தொற்று, இம்முறையில் 16-ஆகக் குறைந்தது. ஓர் ஜோடிக் கையுறை, ஒரு சின்னத் தட்டுக் கருவிகள், அவ்வளவுதான் செலவு. நாங்களும் செய்கிறோம். புது விளக்கு இதைச் செய்யாது, ஐயா.

புதுக் கருவிகளும் தம் பங்குக்குத் தொல்லை தரும். லேப்ராஸ்கோப் வந்தபிறகு காயம் சிறிதாகி, பொதுவாகத் தொற்றும் குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் கருவிகளில் சிலவற்றை ஆட்டோகிளேவில் வேகவைக்க முடியாது என்று ரசாயனத் திரவத்தில் ஊறவைத்து, எடுத்துச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசுகிற வழக்கம் பல இடங்களில் இருந்தது. தண்ணீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியா, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு, அப்படியே உள்ளே போய்விடும். காயம் அழகாக ஆறும். மூன்று, நாலு வாரம் கழித்து, துளையிட்ட இடத்தில் ஒரு கட்டி, அதிலிருந்து கசிவு. வழக்கமான மருந்து எதற்கும் கேட்காது. மாதக்கணக்கில் சிகிச்சை. ஏழு நாளில் மூடிவிடும் பதிவேடு இதை ஒருநாளும் பிடிக்காது.

ஆகவே சிஸ்டர். அமெரிக்காவில் 1970-களில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளைப் பார்த்து 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தொற்றுகளை முறையாக எண்ணி, 250 படுக்கைக்கு ஒரு தொற்றுத் தடுப்பு சிஸ்டரை வைத்து, பயிற்சி பெற்ற ஒரு டாக்டரைத் துணைக்கு வைத்து, எண்ணிக்கையை அந்தந்த அறுவை டாக்டரிடமே சொல்லுகிற மருத்துவமனைகளில் தொற்று மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்ததைக் காட்டிற்று. எங்கள் சிஸ்டர் ஒவ்வோர் அறுவை நோயாளிக்கும் ஒரு பக்கம் போட்டு, ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் போன் செய்கிறார். அது கேட்பதற்கு எளிது. போன் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். பேசியதும் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "சிஸ்டர், பில் பாக்கி ஏதாவது இருக்கா?" என்பது. இல்லை என்று தெரிந்ததும் குரலே மாறிவிடுமாம். காயத்தைச் சுற்றிச் சிவப்பா, சூடா, வீக்கமா, வலி குறையாமல் ஏறுகிறதா, கசிகிறதா, காய்ச்சலா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். மஞ்சள், சாம்பல், தேங்காயெண்ணெய் எதுவும் போட்டீர்களா என்றும் கேட்பார். போட்டவர்கள் உடனே சொல்லமாட்டார்கள்.

முதல் மூன்று மாதத்தில் எங்கள் தொற்று எண்ணிக்கை ஏறிற்று. உங்கள் கையில் உள்ள ஆண்டறிக்கையின் ஆறாம் பக்கத்தில் பழைய கணக்கும் புதிய கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, மறைக்கவில்லை. தொற்று அன்றைக்குப் புதிதாக வரவில்லை, எங்களுக்குத் தெரிய வந்தது. மாதக் கடைசியில் எந்த டாக்டரின் நோயாளிகளில் எத்தனை பேர் என்று சிஸ்டர் எங்கள் எல்லோர் முன்பாகவும் வாசிக்கிறார். முதல் மாதம் எங்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் அவரே முன்கூட்டி வந்து தன் பட்டியலைக் கேட்டு வாங்கினார். ஒரு மாதம் எலும்புப் பிரிவில் இரண்டு பேருக்கு ஒரே கிருமி வந்ததைச் சிஸ்டர்தான் முதலில் கவனித்தார். தேடிப் பார்த்ததில் ஓர் ஆட்டோகிளேவின் கதவு ரப்பர் தேய்ந்திருந்தது. புதிய ரப்பர் மாட்டி, சோதனைப் பட்டை சரியான நிறம் காட்டும்வரை அதை உபயோகிக்காமல் பூட்டி வைத்தோம்.

அந்த இளம் தாயைப் பற்றிக் கேட்பீர்கள். சிஸ்டர் வேலைக்கு வந்ததும் பழைய பதிவேட்டிலிருந்து நம்பர் எடுத்து முதலில் போட்ட போன்களில் அவருடையதும் ஒன்று. காயம் ஆறியிருக்கிறது, கொஞ்சம் குழி விழுந்திருக்கிறது, குனிந்தால் இழுக்கிறது என்றார். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதாம். அடுத்த பிரசவத்துக்கு எங்களிடம்தான் வருவாரா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே, "எப்போ சிஸ்டர் திரும்பக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

சிஸ்டர் இங்கே மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், பெயர்களை மறைத்து. தேநீருக்கு முன் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். ஐயா, முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்.